கவுன்டரில் கேட்ட கடுஞ்சொல்லும் மாடித் தொட்டிகளும்

வணக்கம் சகோதரி. மருந்துக்கடை கவுன்டரில் நாள் முழுக்க அதட்டல் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். மாடியில் வைத்த நாலு தொட்டியும் வாடுவதாகச் சொல்லியிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்தது. நானும் சேலத்தில் பல வருடம் கவுன்டரில் நின்றவன்.

வேலை முடிந்ததும் நேராக மாடிக்குப் போங்கள், பத்தே நிமிடம். நம்ம ஊர் சித்திரை வெயிலில் காய்ந்த தொட்டி மண், ஒரேயடியாக ஊற்றினால் தண்ணீரைக் குடிக்காது. ஓரமாக வழிந்து அடித்துளை வழியே ஓடிவிடும். ஒரு சொம்பு ஊற்றி, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி ஊற்றுங்கள். இரண்டாவது தடவை மண் கருத்து, உள்ளே இழுப்பது கண்ணுக்கே தெரியும்.

கத்துகிறவர்களில் பலர் வீட்டில் காய்ச்சல்காரரை விட்டுவிட்டு வந்தவர்கள். "உட்காருங்கண்ணா, இதோ எடுத்துத் தரேன்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். பாதிப் பேர் தணிந்துவிடுவார்கள். ஆனால் கெட்ட வார்த்தை பேசுகிறவரிடம் சிரிக்க வேண்டியதில்லை, முதலாளியைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், பங்குனி, சித்திரையில் கோடை மழை பெய்து பத்து நாளில் பிள்ளைகளோடு ஏற்காடு போய் வாருங்கள். அதுவரை மொட்டாகவே காத்திருந்த காப்பிச் செடி, கிளை முழுக்க வெள்ளையாகப் பூத்திருக்கும்; மல்லிகை மாதிரி மணக்கும்.

தொட்டியில் என்ன செடி? ரோஜா என்றால் கிளைகளை வெட்டிவிடும் கவாத்து பற்றியும் சொல்கிறேன்.