தானே குப்பை கொட்டுமாம், வாங்கலாமா?

வீட்டு மின்சாமான் கேள்வி–பதில்
(பதில் தருபவர், கோவையில் 31 வருடம் மிக்ஸி, கிரைண்டர், வாக்குவம் கிளீனர் பழுதுபார்த்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கும் மெக்கானிக்)

முன்பெல்லாம் இந்தப் பக்கத்துக்கு வருகிற கடிதங்களில் பாதி கிரைண்டர் பெல்ட் பற்றித்தான் இருக்கும். இந்த மாதம் வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே சாமானைப் பற்றி. தட்டு மாதிரி தரையில் ஊர்ந்து பெருக்கிவிட்டு, தானே போய்க் குப்பையைக் கொட்டிவிட்டு வரும் ரோபோ வாக்குவம். என் வீட்டிலும் பத்து மாதமாக ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். மிக்ஸி ஜார் ஒழுகுகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளணும்.

எனக்கு வயது 67. மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, குனிய முடியாது. வெளிநாட்டில் இருக்கும் மகன் ரோபோ வாக்குவம் வாங்கித் தருகிறேன் என்கிறான். தானே குப்பை கொட்டும் மாடலுக்கு விலை கூடுதல். அந்தக் கூடுதல் காசு தேவையா? எந்த மாடல்?
– வாசகர், ஸ்ரீரங்கம்

உங்கள் வீட்டுக்குத் தேவைதாங்க ஐயா. எல்லார் வீட்டுக்கும் தேவை என்று சொல்ல மாட்டேன்.

சாதாரண ரோபோவின் வயிற்றில் இருக்கும் குப்பைப் பெட்டி 300, 400 மில்லிதான் பிடிக்கும். தினமும் ஓடவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாளாவது குனிந்து, பெட்டியை உருவி, தட்டி, ஃபில்டரைத் துடைத்து மாட்ட வேண்டும். முதல் வாரம் ஆசையாகச் செய்வோம். மூன்றாம் வாரம் மறப்போம். பெட்டி நிறைந்தால் உறிஞ்சுவது நின்றுபோகும், மிஷின் பரணுக்குப் போய்விடும். ‘வேலை செய்யவில்லை’ என்று என் கடைக்கு வந்த ரோபோக்கள் சிலவற்றில் பழுது என்று எதுவுமே இல்லை. பெட்டியைத் தட்டிக் கொடுத்தேன், ஓடியது. அதற்குப் போய் எப்படிக் காசு கேட்பது?

தானே கொட்டும் மாடலில், ரோபோ திரும்பி வந்து, சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் பெட்டியான பேஸில் நின்றதும் பெட்டியின் சின்ன மூடி திறக்கும். பேஸுக்குள் இருக்கும் பெரிய மோட்டார் 10, 15 விநாடி இழுத்துக் குப்பையை ஒரு பைக்குள் தள்ளிவிடும். பை இரண்டரை அல்லது மூன்று லிட்டர் பிடிக்கும். 2018-ல் ஐரோபோட் கம்பெனி ரூம்பா ஐ7 பிளஸ் மாடலில் இதைக் கொடுத்த பிறகு மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். அட்டைப்பெட்டியில் ‘60 நாள் கவலையில்லை’ என்று அச்சடித்திருப்பார்கள். என் வீட்டுக்கு முன்னால் மண் ரோடு, 35-ஆம் நாள் பை நிறைந்துவிட்டது. அப்படியே வைத்துக்கொண்டாலும், மாதம் ஒருமுறை ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒரு பையை மாற்றுவது முழங்கால் வலிக்காரருக்குப் பெரிய விடுதலை.

மாடல் பெயரை நான் சொல்லப்போவதில்லை. மகனிடம் பேசுவதற்கு முன்னால் இஞ்சு டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். முதலில் நிலைப்படி. பெரும்பாலான ரோபோக்கள் 2 சென்டிமீட்டர் வரைதான் ஏறும். பழைய வீட்டு மரநிலை அதைவிட உயரம் என்றால் ஒவ்வொரு அறைக்கும் நீங்கள்தான் தூக்கிக்கொண்டு போய் விட வேண்டும், அதற்குக் குனிந்தே பெருக்கிவிடலாம். அடுத்தது கட்டில், சோபா அடி. வழி பார்க்க லேசர் வைத்த ரோபோவின் தலையில் ஒரு சின்ன கோபுரம் இருக்கும், அதோடு சேர்த்து உயரம் சுமார் 10 சென்டிமீட்டர். அது நுழையவில்லை என்றால் தூசி அதிகம் சேரும் இடத்தைத் தொடாமலே திரும்பிவிடும். பிறகு பேஸ் வைக்க ஒரு சுவர், பக்கத்திலேயே பிளக். முன்னால் ஒன்றரை மீட்டர் காலியாக இருக்க வேண்டும். அங்கே செருப்பு ஸ்டாண்டும் கோரைப்பாய்ச் சுருளும் நின்றால் வண்டி வீடு திரும்பாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, கடைக்காரர் யாரும் சொல்லாதது: கருப்பு கிரானைட். படியிலிருந்து விழாமல் இருக்க ரோபோவின் அடிவயிற்றில் சென்சார்கள் இருக்கின்றன. அவை தரையில் அகச்சிவப்பு ஒளியை அடித்து, அது திரும்பி வருகிறதா என்று பார்க்கும். கறுத்த தரை அந்த ஒளியை விழுங்கிவிடும். ஒளி வரவில்லை என்றால் ரோபோவுக்கு அது பள்ளம். எங்கள் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் அரை அடி அகலத்தில் கருப்பு கிரானைட் பட்டை. அதன் முன்னால் வந்து நிற்கும், யோசிக்கும், திரும்பிவிடும். வெள்ளை டேப் ஒட்டிப் பார்த்தேன், அழகாகத் தாண்டியது. வீட்டம்மா இரண்டாம் நாளே டேப்பைப் பிய்த்துவிட்டார், ‘ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு’ என்று. இன்றுவரை சமையலறைக்குச் சீமாறுதான். சென்சார் மேலேயே டேப் ஒட்டிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்லிக்கொடுப்பார்கள். மாடிப்படி உள்ள வீட்டில் அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

ஒன்றில் 5,000 பாஸ்கல், இன்னொன்றில் 20,000 பாஸ்கல் என்று போட்டிருக்கிறது. பெரிய எண்ணையே வாங்கிவிடவா?
– வாசகர், ஈரோடு

எண்ணைப் பார்த்து வாங்குவதாக இருந்தால் லாட்டரிச் சீட்டு வாங்கலாம்! பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அளவு. எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்பதை அது சொல்லாது. இளநீரில் ஸ்ட்ராவைப் போட்டு, நுனியை விரலால் அடைத்துக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள், வாயில் இழுப்பு பலமாக இருக்கும், இளநீர் மட்டும் வராது. குப்பையைத் தூக்கிக்கொண்டு போவது ஓடுகிற காற்று. கனத்த கார்ப்பெட் விரித்த வீட்டில் பெரிய எண்ணுக்கு வேலை உண்டு. நம் டைல்ஸ், மொசைக் தரைக்கு 5,000 தாராளம். மிச்சமாகும் காசில் இரண்டு செட் பிரஷ் வாங்கி வையுங்கள்.

பை வைத்த பேஸ் நல்லதா, பை இல்லாமல் டப்பா வைத்ததா? பைக்கு ஆகும் செலவை நினைத்தால் தயக்கமாக இருக்கிறது. பையையே கழுவி மறுபடி போடலாம் என்கிறாள் என் தோழி.
– வாசகி, நாகர்கோவில்

உங்கள் வீட்டில் யாருக்காவது வீசிங், தும்மல் இருந்தால் பைதான். உருவும்போதே பையின் வாய் மூடிக்கொள்ளும், தூசி முகத்தில் அடிக்காது. டப்பா மாடலில் செலவு மிச்சம். ஆனால் குப்பைத்தொட்டிக்கு மேல் அதைக் கவிழ்க்கிற அந்த நிமிஷத்தில், ஒரு மாதத் தூசி மேகமாக எழும்பும். அப்புறம் எதற்கு இவ்வளவு விலை கொடுத்தோம் என்று தோன்றும்.

பை ஒன்று 200 ரூபாய், வருடத்துக்குப் பத்து என்று வைத்தால் 2,000. இந்தக் கணக்கை விலையோடு சேர்த்துப் பாருங்கள். அதைவிட முக்கியம், அந்த மாடலுக்கான பை இங்கே கிடைக்கிறதா என்பது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுக்கிற மிஷின்களில் இதுதான் தலைவலி. மிஷின் விமானத்தில் வந்துவிடும், பை வராது. அதோடு அமெரிக்காவில் வாங்கினால் 110 வோல்ட் பேஸ் வந்து சேரலாம், நம் பிளக்கில் நேராகச் செருகினால் புகைதான். ஸ்ரீரங்கத்து ஐயாவின் மகனும் இதைப் படிக்கட்டும்.

தோழி சொன்னதைக் கேட்காதீர்கள். பை வெறும் சாக்கு இல்லை, அதுவே ஃபில்டர். கழுவினால் அதன் இழைகள் விலகி நுண்தூசி மோட்டாருக்குள் போகும். பின்பக்கம் வெட்டி, கொட்டி, கிளிப் போட்டு ஓட்டியவரின் பேஸைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். ஃபேன் இறக்கை மேல் மாவு அப்பின மாதிரி இருந்தது. 200 ரூபாய் மிச்சம் பிடித்தவர் மோட்டாரை மாற்றினார்.

எங்கள் வீட்டில் மூன்று பெண்கள், மூவருக்கும் நீளமுடி. தினமும் மல்லிகைப்பூவும் உண்டு. ரோபோ தாங்குமா?
– வாசகி, மதுரை

முடியை விடுங்கள் அம்மணி, பூ கட்டின வாழைநார்தான் எமன். எங்கள் வீட்டில் ஒருநாள் ரோபோ பேஸில் போய் நின்றது, மோட்டார் ஊளையிட்டது, ஆனால் பையில் ஒன்றும் விழவில்லை. பேஸின் பின்னால் திருகுகளைக் கழற்றிப் பார்த்தால், குழாயின் வளைவில் ஒரு முழ நார் குறுக்கே மாட்டி, அதன்மேல் முடி, அதன்மேல் காய்ந்த மல்லிகை, உச்சியில் ஒரு ஹேர்பின். பறவைக்கூடு தோற்றது. தானே கொட்டும் மிஷினில் இந்தக் குழாய்தான் அடைக்கும் இடம். அதனால் வாங்கும்போது பேஸைத் திருப்பிப் பார்த்து, அந்தக் குழாயின் மூடி சாதாரண ஸ்க்ரூடிரைவரில் கழலுமா என்று கேளுங்கள். கடைப்பையன் விழிப்பான், பரவாயில்லை, கேளுங்கள்.

உருளும் பிரஷ் முழுக்க ரப்பராக இருந்தால் முடி குறைவாகச் சுற்றும். முடியை நறுக்கிவிடும் சீப்பு வைத்த பிரஷ்களும் வருகின்றன. எதுவானாலும் பிரஷின் இரண்டு முனையிலும் முடி சேரும், அதை எந்த பேஸும் எடுத்துத் தராது. வாரம் ஒருமுறை கழற்றி பிளேடால் கீறி எடுக்க வேண்டும். அப்புறம், பூஜை அறைக்குள் விடாதீர்கள். விபூதியும் கோலமாவும் ஃபில்டரின் கண்ணை அடைத்துவிடும். ஃபில்டரைக் கழுவினால் ஒரு முழுநாள் காயவிட்டு மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் உள்ளே இருக்கும் தூசி சேறாகிவிடும்.

துடைக்கவும் செய்து, மாப்பைத் தானே கழுவியும் கொள்ளும் மாடல் எப்படி? எங்களுக்கு போர்வெல் தண்ணீர்.
– வாசகி, சென்னை வேளச்சேரி

இங்கேதான் யோசிக்கணும். கழுவும் பேஸில் நல்ல தண்ணீர் டேங்க், அழுக்குத் தண்ணீர் டேங்க் என்று இரண்டு இருக்கும். அழுக்குத் தண்ணீரை நம் ஊர் வெயிலில் இரண்டு நாள் விட்டால் நாற்றம் வந்துவிடும், அதை யாரோ தூக்கிக்கொண்டு போய்க் கொட்டித்தான் ஆக வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் கொஞ்சநாளில் துளைகளில் வெள்ளை பூக்கும், உங்கள் ஹீட்டர் கம்பியில் பூக்கிற அதே உப்பு. ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றத் தயார் என்றால் வாங்குங்கள். இல்லையென்றால் பெருக்குவதை மட்டும் ரோபோவிடம் விடுங்கள். சிந்தின சாம்பாருக்கும் இட்லி மாவுக்கும் மேல் மட்டும் ஓடவிடாதீர்கள், பிரஷோடு இழுத்துக்கொண்டு போய் வீடு முழுக்கக் கோலம் போட்டுவிடும்.

கரன்ட் போனால், நெட் போனால், கம்பெனியே போனால்?
– வாசகர், தஞ்சாவூர்

மூன்றும் நடக்கிறதுதான். ரோபோ பேட்டரியில் ஓடும், கரன்ட் போனாலும் பாதியில் நிற்காது. பேஸ் சார்ஜ் செய்ய இழுப்பது கொஞ்சம்தான், ஆனால் குப்பையை இழுக்கிற அந்தப் பத்துப் பதினைந்து விநாடி பல நூறு வாட் கேட்கும். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள், சின்ன இன்வெர்ட்டர் என்றால் அந்த பிளக்கை அதில் சேர்க்காதீர்கள். சத்தமும் அப்போது மிக்ஸி மாதிரிதான் இருக்கும். தூளியில் குழந்தை தூங்கும் வீடுகளில் போனில் இருக்கும் ஆப்பிலேயே கொட்டும் நேரத்தை மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

நெட் இல்லாவிட்டால் மேலே இருக்கும் பொத்தானை அழுத்தினால் ஓடும், ஆனால் இந்த அறை மட்டும், இந்தக் கோட்டைத் தாண்டாதே என்பதெல்லாம் சொல்ல முடியாது. கம்பெனி விஷயம்: அமெரிக்காவின் நீட்டோ கம்பெனி 2023-ல் மூடப்பட்டது. ஆப் வேலை செய்யத் தேவையான சர்வரை 5 வருடம் ஓட்டுவோம் என்றார்கள், 2025-லேயே நிறுத்திவிட்டார்கள். நல்ல லேசர் ரோபோக்கள், இப்போது பொத்தானோடு சரி. ஆகவே பொத்தானே இல்லாமல் ஆப்பை மட்டும் நம்பியிருக்கும் மாடலை நான் தொட மாட்டேன்.

இதை வாங்கினால் வீட்டு வேலைக்கு வரும் அக்காவை நிறுத்திவிடலாம், ஒன்றரை வருடத்தில் காசு தேறிவிடும் என்று கணவர் கணக்குப் போடுகிறார். சரியா?
– வாசகி, பொள்ளாச்சி

கணக்கைத் திருப்பி அவரிடமே கொடுங்கள் அம்மணி. ரோபோ மாடிப்படி ஏறாது. ஒட்டடை அடிக்காது. கதவுக்குப் பின்னால், மூலைமுடுக்கில், பாத்ரூமில் ஒன்றும் செய்யாது. தரையில் கிடக்கும் துண்டு, சார்ஜர் ஒயர், கால்மிதி எல்லாவற்றையும் யாராவது முதலில் எடுத்து வைத்தால்தான் வேலையையே ஆரம்பிக்கும். எங்கள் வீட்டுக்கு வருகிற அக்கா இப்போது பெருக்குவதில்லை, அந்த நேரத்தில் ஜன்னல் கம்பியும் ஃபேனும் துடைக்கிறார். சம்பளத்தை நாங்கள் குறைக்கவில்லை. முதல் வாரம் அந்த மிஷினை ஒருமாதிரி முறைத்துக்கொண்டே நடந்தார். இப்போது அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வரும்: “அண்ணா, உங்க பையன் மறுபடியும் கட்டிலுக்கடியில மாட்டிக்கிட்டுக் கத்துது, வந்து எடுங்க!”