‘ஹேக்கர்’ பண்பாட்டின் வேர்களை முதலில் பதிவு செய்தவர்கள் யார்?

ஹேக்கர் என்றால் கணினித் திருடன் என்றே பலர் எண்ணுகிறார்கள். ஆனால் நீங்கள் கேட்ட அந்தச் சொல்லின் தடம் ஒரு பொம்மை ரயிலில் தொடங்குகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்னும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1946-இல் உருவான மாதிரி ரயில் கழகத்தில், சிலர் மேசைமேல் தண்டவாளமும் குட்டி வீடுகளும் அமைத்துக்கொண்டிருக்க, மேசைக்கு அடியில் தொலைபேசி ரிலேக்களையும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) கம்பிகளையும் பிணைத்துக்கொண்டிருந்த மாணவர்கள் சாமர்த்தியமான வேலைப்பாட்டை ‘ஹேக்’ என்றார்கள். அவர்களுள் ஒருவரான பீட்டர் சாம்சன் 1959-இல் கழகத்தின் கொச்சைச் சொற்களை அகராதியாகத் தொகுத்தார். விளையாட்டாகச் செய்ததுதான், ஆனாலும் என் பார்வையில் அதுவே முதன்மைச் சான்று. அந்த மாணவர்கள் எம்.ஐ.டி.யில் இருந்த டிஎக்ஸ்-0 என்னும் ஆரம்பகாலக் கணினியை நாடிச் சென்றபோது சொற்களும் உடன் சென்றன. 1975-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ராஃபேல் ஃபிங்கெல் தொடங்கிய ‘ஜார்கன் ஃபைல்’ என்னும் ஹேக்கர் சொற்கோவை, பலர் கைபட்டு வளர்ந்து, 1983-இல் அச்சு நூலாகவும் வெளிவந்தது.