அம்மா ஏன் உங்கள் முகத்தைத் தடவினார்?

கேள்வி: எனக்கு 46 வயது, பெங்களூரில் ஐ.டி. வேலை, சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத். இரண்டு வருடமாக ஆயுளை நீட்டிக்கும் முறைகளைத் தீவிரமாகக் கடைப்பிடிக்கிறேன். தினமும் 16 மாத்திரை, கையில் சர்க்கரை அளக்கும் சென்சார், மூன்று மாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை என்று மாதம் 40,000 ரூபாய் ஆகிறது. முதுமையைத் தள்ளிப்போடப் பார்க்கும் அமெரிக்கப் பணக்காரர் பிரையன் ஜான்சன் வீடியோக்களை ஒன்றுவிடாமல் பார்ப்பேன். 120 வயது வரை வாழலாம் என்று நம்புகிறேன். இறந்தபின் உடலை உறைய வைத்துப் பாதுகாக்கும் அமெரிக்க நிறுவனத்தில் சேரவும் யோசனை இருக்கிறது. மனைவி இது பாவம் என்கிறாள். சபை ஐயர் (போதகர்) பிரசங்கத்தில், வானத்தைத் தொடப் பார்த்த பாபேல் கோபுரத்தோடு ஒப்பிட்டுப் பேசினார். ஆனால் பலன் கண்கூடாகத் தெரிகிறது. அசனப் பண்டிகைக்கு (சபை விருந்து) ஊருக்குப் போனபோது 79 வயது அம்மா (கண்ணில் புரை, இந்த வயதில் எதற்கு ஆபரேஷன் என்று விட்டுவிட்டோம்) என் முகத்தைத் தடவிப் பார்த்து, ‘சின்னப் பையன் மாதிரி ஆயிட்டியே’ என்றார்கள். நீண்ட நாள் வாழ ஆசைப்படுவது கிறிஸ்தவனுக்குத் தப்பா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் மாத்திரைகளுக்கு ஒன்றரைப் பக்கம், அம்மாவுக்கு ஒரு வரி. அந்த ஒரு வரியிலும் முக்கியமான சங்கதியை அடைப்புக்குறிக்குள் போட்டு மூடிவிட்டீர்கள்.

அம்மா உங்கள் முகத்தை ஏன் தடவினார் என்று ஒரு நிமிஷமாவது யோசித்தீர்களா? பாசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கண் தெரிகிற தாய், பிள்ளை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஏற இறங்கப் பார்த்துவிடுவாள். கண் மங்கியவள்தான் விரலால் பார்க்க வேண்டியிருக்கிறது. நெற்றி எங்கே, கன்னம் எங்கே, தாடை எங்கே என்று அந்த அம்மா தடவித் தடவித் தன் பிள்ளையைத் தேடியிருக்கிறார். அதை நீங்கள் மாத்திரைக்குக் கிடைத்த சர்ட்டிபிகேட்டாக எடுத்துக்கொண்டு எனக்கு எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, அப்புறம் அழுகை வந்தது.

கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீண்ட நாள் வாழ ஆசைப்படுவது பாவம் இல்லை. மரணத்தைக் கடைசிச் சத்துரு என்றுதான் பவுல் எழுதுகிறார், நண்பன் என்று எழுதவில்லை. லாசருவின் கல்லறைக்குப் போகிற வழியில் இயேசுவே அழுதார். எசேக்கியா ராஜா சாகக் கிடந்து அழுது ஜெபம் பண்ணினபோது ஆண்டவர் 15 வருஷம் கூட்டிக் கொடுத்தார், கூடவே ஏசாயா அத்திப்பழ அடையைப் புண்ணின்மேல் போடச் சொன்னார். ஜெபமும் மருந்தும் வேதத்தின் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒரே ஒரு கட்டிலோடு ஆஸ்பத்திரி தொடங்கியதும் இந்த நம்பிக்கையில்தான். ஆகவே நோயோடு போராடுகிறவனை பாபேல்காரன் என்று சொல்ல நான் தயாராக இல்லை, உங்கள் ஐயர் என்னை மன்னிக்கட்டும்.

உடலை உறைய வைப்பது பற்றி அதிகம் பேச எனக்கு மனசில்லை. 1967 ஜனவரியில் ஜேம்ஸ் பெட்ஃபோர்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியரை அப்படி வைத்தார்கள். அவர் உடல் இன்னும் அரிசோனாவில், மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இருக்கிறது. இதுவரை இப்படி உறைய வைத்த ஒருவரும் எழுந்து வந்ததில்லை. கடலில் போனவர்களையும் நெருப்பில் போனவர்களையும் எழுப்ப வல்ல ஆண்டவருக்கு உங்கள் உடலைப் பத்திரமாக வைத்துக் கொடுக்க ஒரு பீப்பாய் தேவையில்லை. அந்தப் பணத்தைப் பிள்ளைகள் பேரில் போடுங்கள்.

இப்போது அந்த அடைப்புக்குறிக்கு வருகிறேன். ‘இந்த வயதில் எதற்கு ஆபரேஷன்.’ எந்த வயதில், தம்பி? உங்களுக்கு 120 வேண்டும் என்கிறீர்கள், உங்கள் கணக்குப்படி 79 வயதில் ஒருவருக்கு இன்னும் 41 வருஷம் பாக்கி இருக்கிறது. அந்த 41 வருஷம் உங்களுக்கு என்றால் வாழ்க்கை, அம்மாவுக்கு என்றால் இனி எதற்கு. இதை நீங்கள் வேண்டுமென்று நினைத்து எழுதவில்லை என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு பயமாக இருக்கிறது. நினைக்காமலே வருகிற வார்த்தைதான் மனசுக்குள் இருக்கிற வார்த்தை. வீட்டில் உங்கள் பிள்ளைகளும் இதைக் கேட்டுக்கொண்டுதானே வளர்கிறார்கள்?

நீங்கள் குரு மாதிரி பார்க்கிற அந்த பிரையன் ஜான்சன் 2023இல் என்ன செய்தார் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 17 வயது மகனின் பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். பலன் ஒன்றும் தெரியவில்லை என்று அவரே பிறகு சொல்லி நிறுத்திவிட்டார். பெற்ற பிள்ளையின் ரத்தத்திலிருந்து எடுத்து அப்பா இளமையாக வேண்டும் என்பது எனக்கு ஒப்பவே ஒப்பாத காரியம். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், அதே சமயத்தில் அவர் தன் பிளாஸ்மாவை 70 வயது அப்பாவுக்குக் கொடுத்தார். இந்த வயதில் அப்பாவுக்கு எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

புரை என்பது என்ன? கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் மங்கிப் போவது. மங்கினதை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள். பெரும்பாலும் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்து, அரை மணி நேரத்துக்குள் முடித்து, அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வயது ஒரு தடையே இல்லை, சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். தள்ளிப்போட்டால் புரை முற்றி இறுகும், சிலருக்குக் கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பே கெட்டுப்போகும். கண் சரியாகத் தெரியாமல் பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட கிழவிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எழுபது எண்பது வயதுக்காரர்களைக் கிராமம் கிராமமாக பஸ்ஸில் கூட்டிவந்து, பைசா வாங்காமல் ஆபரேஷன் செய்து அனுப்புகிற அரவிந்த் கண் மருத்துவமனை உங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருநெல்வேலியிலேயே இருக்கிறது. உங்கள் ஒரு மாத மாத்திரைக் காசில் ஒரு கண்ணையாவது பார்த்துவிடலாம்.

என் மாமியாருக்கும் நாங்கள் இப்படித்தான் செய்தோம், அதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் பரீட்சை, வீடு மாற்றம் என்று மூன்று வருஷம் தள்ளிப்போட்டோம். அவர்களும் வாய் திறந்து கேட்கவில்லை. வேதப் புத்தகத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் மூக்குக்கிட்டே பிடித்து, தெரியாத வரியை மனப்பாடத்தில் சொல்லிக்கொண்டார்கள். கடைசியில் ஆபரேஷன் செய்து கட்டுப் பிரித்த அன்றைக்கு என்னை ரொம்ப நேரம் பார்த்தார்கள். ‘உனக்கு எப்பம்மா இவ்வளவு நரைச்சுது?’ என்று கேட்டார்கள். மூன்று வருஷமாகத் தினமும் நான்தான் அவர்களுக்குச் சோறு போட்டுக் கொடுத்தேன். இன்றைக்கும் அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தால் செய்துகொண்டிருக்கிற வேலை அப்படியே நின்றுவிடும்.

பத்துக் கற்பனைகளை (கட்டளைகளை) ஞாயிறு பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். நீண்ட ஆயுசை வாக்குத்தத்தமாகச் சேர்த்துக் கொடுத்த கற்பனை அதில் ஒன்றே ஒன்றுதான், உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணு என்பது. இரண்டு வருஷமாக ஆயுசைத் தேடின நீங்கள் அந்தப் பக்கம் ஒரு தடவைகூடப் போகவில்லையே, அதுதான் எனக்கு ஆறவில்லை. எசேக்கியாவின் மீதிக் கதையையும் படியுங்கள். கூடுதல் நாள் கிடைத்த அந்த மனுஷன், பின்னால் தன் குமாரரைப் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று கேட்டபோது, என் நாளில் சமாதானம் இருக்குமே என்று ஆறுதல்பட்டான். ஆண்டவர் கொடுத்த ஆயுசே ஒருவனை அப்படிப் பேச வைக்கும் என்றால், நாமே தேடிக்கொள்கிற ஆயுசுக்கு இன்னும் எவ்வளவு பயப்பட வேண்டும்.

வருகிற வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுங்கள். அம்மா சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டுகளை மறக்காமல் எடுத்துக்கொண்டு திருநெல்வேலிக்குக் கூட்டிப்போங்கள். ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தால் அதற்கும் நீங்களே போக வேண்டும், வேறு யாரிடமும் தள்ளிவிடாதீர்கள். முடிந்த பிறகு சில வாரங்களுக்கு நாளைக்குப் பல தடவை சொட்டு மருந்து விட வேண்டியிருக்கும், முகத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். லேப்டாப்பை ஊருக்கே கொண்டுபோய் அம்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பாருங்கள், சொட்டு மருந்தை உங்கள் கையால் விடுங்கள். உங்கள் முகம் சின்னப் பையன் முகமா இல்லையா என்பதை அம்மாவே பார்த்துச் சொல்லட்டும். முதல் கண் ஆறியதும் இரண்டாவது கண்ணுக்கும் தேதி வாங்கிவிட்டு எனக்கு எழுதுங்கள்.