பையன் எடுத்தால் மட்டும் பிரிண்ட் ஏன் கெடுகிறது?

கேள்வி: திருமங்கலத்தில் சின்னதாக டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். புதிதாக விண்டோஸ் 11 கம்ப்யூட்டர் வாங்கினேன். பழைய பாமினி ஃபான்ட் கோப்புகளை வேர்டில் திறந்து நான் பிரிண்ட் கொடுத்தால் சரியாக வருகிறது. கடைப் பையன் அவனுடைய லாகினிலிருந்து கொடுத்தால் முழுக்க ஆங்கில எழுத்தாக விழுகிறது. இது போக, சில பி.டி.எஃப். கோப்புகள் திரையில் நன்றாக இருக்கின்றன. தாளில் இங்கொன்றும் அங்கொன்றுமாக எழுத்து காணாமல் போகிறது. டோனர் மாற்றினேன், டிரைவரை மூன்று தடவை அழித்துப் போட்டேன். பிரிண்டரையே மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் சொன்ன இரண்டும் வேறு வேறு கோளாறு. முதலாவதில் பிரிண்டருக்குச் சம்பந்தமே இல்லை.

பாமினியில் நிஜத் தமிழ் எழுத்து கிடையாது. ஆங்கில எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை போட்டிருக்கிறது, அவ்வளவுதான். ‘காதணி’ என்று நீங்கள் அடித்தால் கோப்புக்குள் உட்கார்ந்திருப்பது எஃப், எச், ஜே, இசட், பி (fhjzp) என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள். பாமினி இருந்தால் காதணி, இல்லாவிட்டால் இந்த ஐந்தும் அப்படியே தாளில் விழும். ஆக, பையனின் லாகினில் பாமினி இல்லை.

‘ஒரே கம்ப்யூட்டர்தானே?’ என்பீர்கள். 2018 கடைசியில் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து ஒரு மாற்றம் இருக்கிறது. ஃபான்ட் கோப்பைத் திறந்து சும்மா ‘இன்ஸ்டால்’ அழுத்தினால், அது அந்த லாகினுக்கு மட்டும்தான் ஏறும். பழைய விண்டோஸில் அப்படியில்லை. ஒருமுறை ஏற்றினால் எல்லோருக்கும் உண்டு. பழைய பழக்கத்தில் நாம் ஏமாறுவது இங்கேதான். பையன் கோப்பைத் திறந்து பார்த்திருந்தால் திரையிலேயே தெரிந்திருக்கும். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து நேராக ‘பிரிண்ட்’ கொடுக்கிற ஆளாக இருப்பான் என்று நினைக்கிறேன். என் கடையிலும் அப்படி ஒருவன் இருந்தான்.

சரி, வைத்தியம். முதலில் செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன், ஃபான்ட்ஸ் போய், இப்போதுள்ள பாமினியை நீக்குங்கள். பிறகு அட்மினிஸ்ட்ரேட்டர் லாகினில் ஃபான்ட் கோப்பை ரைட் கிளிக் செய்து ‘இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது கண்ணில் படாவிட்டால் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ உள்ளே இருக்கும். ஜிப் கோப்புக்குள் இருந்தபடியே ஏற்ற வேண்டாம், வெளியே எடுத்து வைத்துவிட்டு ஏற்றுங்கள். கம்ப்யூட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, பையனின் லாகினில் திறந்து பாருங்கள்.

லதா என்ற ஃபான்ட்டில் அடித்த பழைய கோப்புகள் உங்களிடம் இருந்தால் அதையும் கவனியுங்கள். புது விண்டோஸில் லதாவும் விஜயாவும் எப்போதும் தானாக இருப்பதில்லை. ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதியில் ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்’ என்று தேடிச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடத்தில் நிர்மலா என்ற வேறு ஃபான்ட் வந்து உட்கார்ந்துகொள்ளும். எழுத்து கெடாது, ஆனால் வரிகள் நகர்ந்து, ஒரு பக்கத்தில் அடங்கிய கல்யாணப் பத்திரிகை இரண்டாம் பக்கத்துக்குப் போய்விடும்.

இப்போது இரண்டாவது கோளாறு. அந்த பி.டி.எஃப்.ஐ அக்ரோபேட் ரீடரில் திறந்து கன்ட்ரோல்-டி அழுத்தி ‘ஃபான்ட்ஸ்’ பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு ஃபான்ட் பெயருக்குப் பக்கத்திலும் ‘எம்பெடட்’ அல்லது ‘எம்பெடட் சப்செட்’ என்று இருக்க வேண்டும். இல்லாத ஃபான்ட் கோப்போடு வரவில்லை என்று அர்த்தம். அதை அனுப்பியவரிடமே ஃபான்ட்டை உள்ளே சேர்த்து மறுபடி பி.டி.எஃப். எடுத்துத் தரச் சொல்லுங்கள். நீங்கள் மல்லுக்கட்ட வேண்டாம்.

எல்லாம் ‘எம்பெடட்’ என்று காட்டியும் தாளில் எழுத்து விழாவிட்டால், அப்போது டிரைவரைச் சந்தேகப்படலாம். பிரிண்ட் கொடுக்கும்போது ‘அட்வான்ஸ்டு’ உள்ளே போய் ‘பிரிண்ட் ஆஸ் இமேஜ்’ டிக் செய்யுங்கள். பக்கம் படமாகப் போவதால் பிரிண்டர் ஃபான்ட்டைத் தேடாது. கொஞ்சம் மெதுவாக வரும், சின்ன எழுத்தின் கூர்மை ஒரு துளி குறையும். அவசரத்துக்கு இது போதும். நிரந்தரமாகச் சரிசெய்ய, பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் ட்ரூடைப் ஃபான்ட் என்ற இடம் இருந்தால், ‘சப்ஸ்டிட்யூட்’ என்பதை எடுத்துவிட்டு ‘டவுன்லோட் ஆஸ் சாஃப்ட்ஃபான்ட்’ வையுங்கள். எல்லா டிரைவரிலும் இந்த வசதி இருக்காது. இல்லாவிட்டால் படமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து இதில்தான் மாட்டுவீர்கள். பத்திரிகைக்கான பெயர்கள் இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் வருகின்றன. அது யூனிகோடு, அதாவது நிஜத் தமிழ் எழுத்தாகவே பதிவாகிற முறை. பக்கம் அமைக்கிற பழைய பேஜ்மேக்கர் மென்பொருள் வைத்திருந்தால், 2001-இல் வந்த அதன் 7.0 பதிப்புக்குக்கூட யூனிகோடு தெரியாது. ஒட்டினால் கேள்விக்குறிகள்தான் வரும். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற எழுத்து மாற்றும் மென்பொருள் ஒன்றில் பாமினிக்கு மாற்றித்தான் ஒட்ட வேண்டும்.

பழைய பாமினி கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஆனால் மொத்தமாகப் போட்டு மாற்றாதீர்கள். கோப்பில் நிஜ ஆங்கிலம் எங்கெங்கே இருக்கிறதோ அதையெல்லாம் முதலில் தனியே எடுத்து வையுங்கள். கன்வெர்ட்டருக்குப் பாமினி எது, ஆங்கிலம் எது என்று தெரியாது. எனக்குத் தெரிந்த ஒருவர் உசிலம்பட்டிப் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகை ஒன்றை அப்படி மாற்றினார். பாமினியில் பெரிய ‘பி’ (B) என்றால் டீ, பெரிய ‘இ’ (E) என்றால் நு. மாப்பிள்ளையின் பி.இ. பட்டம் ‘டீ.நு.’ ஆகிவிட்டது. ஐந்நூறு பத்திரிகை அச்சாகி, மஞ்சள் தடவி, தாய்மாமன் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான் பார்த்தார்கள்.