மெல்போர்ன் கிளப் கிரிக்கெட்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஊரில் லீக் ஆடியவன், இப்போது மெல்போர்னில் இருக்கிறேன். கிளப்பில் எப்படிச் சேருவது?

பதில்: சீசன் அக்டோபர் முதல் மார்ச் வரை. ஆனால் ஆகஸ்டிலேயே கிளப் செயலாளருக்கு எழுதிவிடுங்கள்; முன்பயிற்சியில் முகம் காட்டாதவருக்குப் பெரும்பாலும் கடைசி அணியில்தான் இடம். மாநிலத்தின் உச்சநிலை கிளப் போட்டியான விக்டோரியா பிரீமியர் கிரிக்கெட்டில் 18 கிளப்புகள், ஒவ்வொன்றிலும் நான்கு ஆடவர் அணிகள். போட்டி கடுமை. முதலில் உங்கள் பகுதி கிளப்பில் ரன் சேர்ப்பதே நல்லது. பதிவு 'பிளேஹெச்கியூ' (PlayHQ) இணையதளத்தில்.

கீழ்நிலை ஆட்டங்கள் பல, கான்கிரீட் மேல் செயற்கைப் புல் விரித்த பிட்சில் நடக்கும். அங்கே ஆணி ஷூ கூடாது, ரப்பர் அடி ஷூ வேண்டும். பந்து இடுப்புக்கு மேல் எழும்பும். முன்காலை நீட்டியே ஆடிப் பழகியவர்கள் மட்டையின் மேல்விளிம்பில் பட்டு கேட்ச் கொடுத்துவிடுகிறார்கள். பின்காலில் நின்று கட், புல் (pull) ஷாட்கள் ஆடப் பழகுங்கள்.

இரண்டு நாள் ஆட்டம் என்றால் பெரும்பாலும் அடுத்தடுத்த இரு சனிக்கிழமைகள். பெரும்பாலும் முதல் இன்னிங்ஸ் முன்னிலையே வெற்றியைத் தீர்மானிக்கும். ஆகவே இரண்டாம் சனிக்கிழமைக்கும் வேலையில் விடுப்பு சொல்லி வையுங்கள்; பாதியில் ஆள் குறைவது அணிக்குப் பெரிய அடி.

கேள்வி: ஆடாத நான் கிளப்புக்கு என்ன செய்யலாம்?

பதில்: ஸ்கோர் எழுதுங்கள். எல்லா கிளப்பிலும் தேடப்படுபவர் ஸ்கோரர்தான்.