அரூர் நண்பருக்கு: போராட்டத்தை யார் நடத்துகிறார்கள் என்று பார்ப்பது எப்படி?

நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பதை எதிர்க்கும் போராட்டத்துக்கு வெளிநாட்டுப் பணம் வருகிறது என்று வாட்ஸ்அப்பில் வந்ததாகவும், ஆட்சேப மனுவில் கையெழுத்துப் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதலில் மனுவைப் போடுங்கள். தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில், நிலம் எடுக்கப் போவதாகச் சொல்லும் 3ஏ அறிவிப்பு வெளியான 21 நாளுக்குள் 3சி பிரிவில் ஆட்சேபம் தர வேண்டும். அது உங்கள் சர்வே எண்ணுக்கான மனு. பந்தலில் யார் உட்கார்ந்தால் என்ன? நகலில் தேதியோடு முத்திரை வாங்க மறக்காதீர்கள்.

இனி சந்தேகத்துக்கு வருவோம். 2012-ல் கூடங்குளம் போராட்டத்துக்குப் பின்னால் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாகப் பிரதமர் மன்மோகன் சிங்கே சொன்னார். ஆகவே இது பழைய பாட்டுதான். அதற்காகப் பொய் என்று தள்ளவும் வேண்டாம், சோதித்துப் பாருங்கள்.

தேதி வரிசைதான் நல்ல சாட்சி. கிராம சபைத் தீர்மானம் முந்தியதா, கட்சிக் கொடி முந்தியதா? தீர்மான நகலை ஊராட்சியில் கேளுங்கள். கொடி பிறகு வந்திருந்தால், ஊர் தொடங்கிய போராட்டத்தில் கட்சி வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பணத்துக்கு வசூல் நோட்டைக் கேளுங்கள். பந்தல், மைக் செட், வேன், சாப்பாடு ஒவ்வொன்றுக்கும் யார் கொடுத்தார் என்று இருக்க வேண்டும். காட்ட மறுத்தால் மட்டும் சந்தேகம் வலுக்கும்.

காவல் துறைக்கு 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம். "பின்னால் யார்?" என்று கேட்டால் பதில் வராது, அது ஆவணம் இல்லை. "போராட்டத்துக்கு அனுமதி கோரிய மனுவின் நகல்" என்று கேளுங்கள். போன் எண், முகவரியைத் தனிநபர் விவரம் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவைக் காட்டி மறைப்பார்கள்.

அந்த ஃபார்வர்டு படத்தைக் கூகுள் லென்ஸில் போடுங்கள். வேறு ஊர்ப் பழைய படமாகவும் இருக்கலாம்.