கண்ணீரும் காணிப் பங்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இந்திய நாவல்களில் பெண் என்றாலே அடிபட்டு அழுபவளாகத்தான் வருகிறாள். அப்பா இறந்தபின் எங்கள் அம்மா தனியாகவே பண்ணயம் பார்த்தார். அவர் சொல்லுக்கு மறுசொல் இருந்ததில்லை. இத்தகைய பெண்களை விட்டுவிட்டு ஒடுக்குமுறையையே எழுதுவது மிகையல்லவா?

ச., கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள ச. அவர்களுக்கு,

குடிகாரக் கணவன், கொடுமைக்கார மாமியார், மூலையில் அழும் மருமகள் என்ற மூவரை வைத்தே ஓட்டப்படும் நாவல்கள் எனக்கும் சலிப்புத்தான். ஆனால் அவற்றின் குறை மிகை அன்று. ஒடுக்குமுறையைக் கெட்டவர்களின் குணமாகச் சுருக்கிவிடுவது. உங்கள் அம்மாவின் அதிகாரத்தை நான் ஐயுறவில்லை. அந்தப் பூமியின் பட்டா யார் பெயரில் இருந்தது, மகன் தலையெடுத்தபின் வரவுசெலவு யார் கைக்குப் போனது என்று மட்டும் நாவலாசிரியன் கேட்பான்.

இந்தக் கேள்வியைக் கொங்கு மண்ணில் வைத்து 1942-இலேயே எழுப்பியவர் நாவலாசிரியர் ஆர். சண்முகசுந்தரம். அவருடைய ‘நாகம்மாள்’ நாவலின் நாயகி நாகம்மாள், கணவனை இழந்தபின் கொழுந்தன் சின்னப்பனிடம் நிலத்தில் பங்கு கேட்கிறாள். சின்னப்பன் கொடியவன் அல்லன், பாடுபடும் குடியானவன். அதனால்தான் அந்த நாவல் இன்றும் நம்மைத் தொந்தரவு செய்கிறது. அன்றைய சட்டமும் அவளுக்குத் துணையில்லை. 1937-ஆம் ஆண்டின் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் கணவனின் பங்கில் விதவைக்கு ஆயுட்கால உரிமை தந்திருந்தாலும், விவசாய நிலத்துக்கு அது பொருந்தாது என்று 1941-இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொல்லிவிட்டது. சென்னை மாகாணம் 1947-இல்தான் அதை நிலத்துக்கும் நீட்டித்தது. (ஆசிரியர் தீர்ப்பைப் படித்துவிட்டு எழுதினார் என்று நான் சொல்லவரவில்லை, ஊரில் நடப்பதைப் பார்த்தாலே போதுமானதாக இருந்திருக்கும்.)

பிறகு பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் உரிமை வந்தது. தமிழ்நாட்டில் 1989-இல், அன்றுவரை மணமாகாதவர்களுக்கு. 2005-இல் நாடு முழுவதும், மணமானவர்களையும் சேர்த்து. ஆனால் சீர் செய்தாயிற்று என்ற கணக்கில், பத்திரப்பதிவு அலுவலகத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்துக்குக் கையெழுத்திடும் தங்கைகளை நம் பக்கத்தில் இன்றும் காணலாம். கேட்டால், "நாளைக்குப் பொறந்தவன் வூட்டு வாசப்படி மிதிக்க வேண்டாமுங்களா?" என்பார்கள். நாளை தன் மகளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீரோடு வரவேண்டியவன் அந்த அண்ணன்தான் என்பதால், அந்தக் கையெழுத்தில் பாசமும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க அவளாலேயே முடிவதில்லை. அடியும் அழுகையும் இல்லாத இந்தக் காட்சியை எழுதுவோர் குறைவு. அதிலும் அந்த அண்ணனை வில்லனாக்காமல் எழுதுவது, அடிக்கும் கணவனை எழுதுவதைவிடப் பன்மடங்கு கடினம்.